மறதிக்கு விற்றமின் ஈ: கொடுக்கத் தொடங்க முன் இதை வாசியுங்கள்

திருகோணமலையில் பாமசி நடத்துகிறேன். அப்பாவுக்கோ அம்மாவுக்கோ மறதி தொடங்கிவிட்டதென்று பதறி வருகிறவர்கள், எங்கள் வீட்டில் அம்மம்மாவுக்கு ஒருகாலத்தில் நடந்த அதே பிழைகளைத்தான் செய்கிறார்கள். நேரம் மாறிக் கொடுப்பது மாதிரிச் சின்ன விஷயங்களை விடுகிறேன்.

வராமல் தடுக்கும் என்று நம்புவது

தடுக்காது. ஆயிரக்கணக்கான ஆண்களுக்கு நாளுக்கு 400 யூனிட் கொடுத்துப் பார்த்த ஆய்வின் முடிவு 2017இல் வந்தது, மறதிநோய் குறையவில்லை. அந்த ஆய்வு கிளைத்த பெரிய ஆய்வில், விற்றமின் ஈ எடுத்தவர்களிடம் புரொஸ்டேட் புற்றுநோய் 17 சதவீதம் கூடியிருந்தது.

கிளினிக்கில் சொல்லாமல் கொடுப்பது

இதைத்தான் என்னால் பொறுக்க முடிவதில்லை. "விற்றமின்தானே அண்ணா, மருந்தில்லையே" என்பார்கள்.

உப்புவெளியிலிருந்து வரும் ஒரு தங்கச்சியின் தகப்பனுக்கு அல்சைமர் என்ற மறதிநோய், அதோடு இதயத்துக்கு வார்பரின். கனடாவிலிருக்கும் தம்பி 1000 யூனிட் போத்தல்களைப் பார்சலில் போட, 2000 யூனிட் நல்லதென்று எங்கோ கேட்டு நாளுக்கு இரண்டு கொடுத்திருக்கிறார்கள். கேட்டது முழுப் பொய்யுமில்லை. 2014இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வில், அல்சைமர் உள்ள 613 பேரில் அந்த அளவு எடுத்தவர்களுக்கு, குளிப்பது உடுப்பது போன்ற அன்றாடக் காரியங்களில் வரும் தளர்ச்சி ஏறத்தாழ ஆறு மாதம் தள்ளிப்போனது. ஞாபகம் திரும்பவில்லை. அதுவும் டொக்டர்மார் கண்காணிப்பில் நடந்தது.

வார்பரின் விற்றமின் கேயின் வேலையை மறித்து இரத்தம் உறைவதைக் குறைக்கிறது. அளவுக்கு மிஞ்சிய விற்றமின் ஈயும் அதே பக்கம்தான் தள்ளும். ஐயா காசை நீட்டியபோது முன்கை முழுக்க நாவல்பழ நிறத்தில் கண்டல். கேட்டால், பல் விளக்கும்போதும் இரத்தமாம். கிளினிக் கொப்பியை வாங்கிப் பார்த்தேன்: ஐஎன்ஆர் (இரத்தம் உறைய எவ்வளவு நேரமெடுக்கிறது என்று காட்டும் எண்) ஏறிக்கொண்டே போகிறது, வார்பரினைக் குறைத்துக் குறைத்து எழுதியிருக்கிறார்கள், விற்றமின் ஈ பற்றி ஒரு எழுத்து இல்லை. டொக்டர் எதை வைத்துக் கண்டுபிடிப்பார்? உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். மூளைக்குள் கசிந்திருந்தால் அந்தத் தடுமாற்றத்தையும் "மறதி கூடிப்போச்சு" என்றுதான் வீட்டில் எடுத்திருப்பார்கள், அதை நினைத்தால் இப்போதும் கோபம் வருகிறது.

இரத்தம் கட்டிபடாமல் அஸ்பிரின், குளோபிடோகிரல் எடுப்பவர்களுக்கும் இதே பேச்சுத்தான். பெயரை எழுதிக்கொண்டு போகாதீர்கள், போத்தலையே கொண்டுபோய்க் காட்டுங்கள்.

பரிசோதிக்க முன்பே வாங்குவது

தைரொயிட் குறைவும் பி12 குறைவும் மறதி போலவே காட்டும், இரண்டுக்கும் சிகிச்சை உண்டு. முதலில் இரத்தப் பரிசோதனை. அப்புறம், தடிமனுக்குப் போடும் பிரிட்டோன்கூட வயதானவர்களைக் குழப்பிவிடும், அதையும் டொக்டரிடம் சொல்லுங்கள்.

உடம்புக்குக் காணாது என்று பயப்படுவது

விற்றமின் ஈ நாளுக்கு 15 மில்லிகிராம் போதும். கச்சான், கீரை சாப்பிடக் கொடுங்கள்.