போதைப்பொருள் எண்ணைச் சரிபார்ப்பது எப்படி? பினாங்கிலிருந்து வியன்னா வரை ஒரு வழிகாட்டி

பினாங்கில் தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கம், ஆலய இளைஞர் பிரிவு, குடியிருப்பாளர் சங்கம் என்று எதுவானாலும், ஆண்டுக்கு ஒரு முறையாவது போதைப்பொருள் விழிப்புணர்வுக் கூட்டம் வைக்கிறார்கள். நல்ல காரியம். ஆனால் பேசப் போகிறவர் பெரும்பாலும் முதல் நாள் இரவு வாட்ஸ்அப்பில் வந்த இரண்டு மூன்று எண்களோடு மேடை ஏறிவிடுகிறார். இத்தனை டன் பிடிபட்டது, இத்தனை ஆயிரம் பேர் அடிமை என்று அவர் அடுக்க அடுக்க, எதிரே உட்கார்ந்திருக்கும் அம்மாக்கள் மிரண்டு போகிறார்கள். ஏற்கெனவே மகன் சியாபு என்ற போதைப்பொருள் பழக்கத்தில் இருக்கிற ஒரு தாய் அந்தக் கூட்டத்தில் இருந்தால், அதை இன்னும் ஆழமாக மறைக்க வேண்டும் என்ற முடிவோடுதான் வீட்டுக்குப் போவார்.

இப்படிப்பட்ட கூட்டத்தில் முதன்முதலாகப் பேசப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஓர் எண் கையில் கிடைத்தால் அது எங்கிருந்து வந்தது, எதை அளக்கிறது, அதை வைத்து எதைச் சொல்லலாம் என்று கண்டுபிடிக்கும் வழி இது. போதைப்பொருள் எல்லை தாண்டி வரும் சரக்கு. அதனால் பட்டர்வொர்த்தில் நடப்பதைப் புரிந்துகொள்ளவே பேங்காக் வரைக்கும் வியன்னா வரைக்கும் போய்வர வேண்டியிருக்கும். ஒரு மாலைப்பொழுதை ஒதுக்குங்கள். ஆங்கிலமும் மலாயும் ஓரளவு படிக்கத் தெரிந்தால் போதும்.

படி 1: அது எதை எண்ணிய எண்?

போதைப்பொருள் செய்திகளில் வரும் எண்கள் பெரும்பாலும் நான்கு வகை. பிடிபட்ட சரக்கின் எடை, கைதானவர்களின் எண்ணிக்கை, பயன்படுத்துவோர் பற்றிய மதிப்பீடு, சிகிச்சைக்கு வந்தவர்களின் எண்ணிக்கை. முதலில் உங்கள் எண் இதில் எது என்று நோட்டில் எழுதிவையுங்கள். பாதிக் குழப்பம் இங்கேயே தீர்ந்துவிடும்.

ஓர் எடுத்துக்காட்டு. 2024-ஆம் ஆண்டில் கிழக்கு ஆசியாவிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் சேர்த்து 236 டன் மெத்தாம்பெட்டமின் பிடிபட்டது. நம் ஊரில் சியாபு, ஐஸ் என்று சொல்வது இதைத்தான். முந்தைய ஆண்டைவிட 24 விழுக்காடு அதிகம். இதைப் படித்ததும் "போலீஸ் ஜெயிக்கிறது" என்று ஒருவர் சொல்வார், "சமுதாயம் அழிகிறது" என்று இன்னொருவர் சொல்வார். இந்த எண்ணை மட்டும் வைத்து இரண்டையும் சொல்ல முடியாது. பிடிபட்ட எடை கூடுவதற்குக் காரணம் உற்பத்தி கூடியதாக இருக்கலாம், சோதனை கூடியதாக இருக்கலாம், ஒரே ஒரு பெரிய கன்டெய்னர் சிக்கியதாகவும் இருக்கலாம்.

அப்படியானால் எதைப் பார்ப்பது? விலையைப் பாருங்கள். இவ்வளவு சரக்கை அள்ளிய பிறகும் தெருவில் விலை ஏறவில்லை, இறங்குகிறது என்றால், சரக்கு இன்னும் தாராளமாக உள்ளே வந்துகொண்டிருக்கிறது என்பதற்கு அது ஓர் அறிகுறி. இந்த வட்டாரத்தில் பல ஆண்டுகளாகத் தெரிவது இதுதான். மியன்மாரின் ஷான் மாநிலத்திலிருந்து வரும் சரக்கு குறையவில்லை. 236 டன் என்பது பிடிபட்டது மட்டும்தான், சந்தைக்குப் போனது அதைவிட அதிகம் என்று அந்தக் கணக்கை வெளியிட்ட ஐ.நா. அலுவலகமே சொன்னது.

படி 2: சொன்னது யார்?

"ஐ.நா. சொல்கிறது" என்று செய்தியில் வந்தால் அங்கேயே நின்றுவிடாதீர்கள். ஐ.நா.வில் யார்? இந்தத் துறையில் தெரிந்துகொள்ள வேண்டியவர்கள் நால்வர்.

போதைப்பொருள் ஆணையம் 1946-இல் அமைந்தது. 53 நாடுகள் உறுப்பினர்கள், ஒவ்வோர் ஆண்டும் மார்ச் மாதம் வியன்னாவில் கூடுகிறார்கள். கொள்கை முடிவும் வாக்கெடுப்பும் இங்கேதான். சர்வதேசப் போதைப்பொருள் கட்டுப்பாட்டு வாரியம் வேறு. அதில் 13 பேர். அவர்கள் நாடுகளின் பிரதிநிதிகள் அல்லர், தனிப்பட்ட நிபுணர்கள். உடன்படிக்கைகளை நாடுகள் ஒழுங்காகக் கடைப்பிடிக்கின்றனவா என்று பார்ப்பது இவர்கள் வேலை. மூன்றாவது, யு.என்.ஓ.டி.சி. என்ற போதைப்பொருள் மற்றும் குற்றத்தடுப்பு அலுவலகம். தகவல் திரட்டுவது, அறிக்கை எழுதுவது, அதிகாரிகளுக்குப் பயிற்சி கொடுப்பது எல்லாம் இங்கே. நம் வட்டாரத்துக்கான அலுவலகம் பேங்காக்கில் இருக்கிறது. மேலே சொன்ன 236 டன் அங்கிருந்து வந்த எண்தான். நான்காவது உலகச் சுகாதார நிறுவனம். ஒரு பொருள் உடலுக்கு எவ்வளவு கேடு என்று ஆராய்ந்து, அதைக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்க்கலாமா என்று ஆணையத்துக்குப் பரிந்துரைப்பது இவர்கள்.

இவை எல்லாவற்றுக்கும் அடியில் மூன்று உடன்படிக்கைகள் இருக்கின்றன: 1961, 1971, 1988. மூன்றிலும் மலேசியா உண்டு. முதலாவது ஹெராயின், கஞ்சா, கொக்கெய்ன் போன்றவற்றுக்கு. இரண்டாவது மனநிலையை மாற்றும் மருந்து வகைகளுக்கு, மெத்தாம்பெட்டமின் இதில்தான் வருகிறது. மூன்றாவது கடத்தலுக்கு.

இந்தக் கதையில் பினாங்குக்கும் பங்கு உண்டு, பலருக்குத் தெரியாது. 1879-இல் ஜார்ஜ்டவுனில் பிறந்த டாக்டர் வூ லியன் தே, அபின் வரி அரசாங்கத்துக்குப் பெரிய வருமானமாக இருந்த காலத்திலேயே இங்கே அபின் எதிர்ப்பு இயக்கம் நடத்தினார். பிறகு ஹேக் நகரில் நடந்த அபின் மாநாட்டுக்குச் சீனாவின் பிரதிநிதிகளில் ஒருவராகப் போனார். 1912-இல் அங்கே கையெழுத்தானதுதான் இந்தத் துறையின் முதல் சர்வதேச உடன்படிக்கை. பினாங்கு மாணவர்களிடம் பேசும்போது இதைச் சொல்லாமல் விடாதீர்கள்.

படி 3: நம் எண் எப்படி அங்கே போகிறது?

ஒவ்வோர் ஆண்டும் நாடுகள் ஒரு நீண்ட வினாத்தாளைப் பூர்த்தி செய்து யு.என்.ஓ.டி.சி.க்கு அனுப்ப வேண்டும். எவ்வளவு பிடிபட்டது, என்ன விலை, எத்தனை பேர் சிகிச்சையில் என்று பல கேள்விகள். இங்கே போலீஸ், சுங்கத்துறை, சுகாதார அமைச்சு, ஏ.ஏ.டி.கே. எனப்படும் தேசியப் போதைப்பொருள் தடுப்பு நிறுவனம் ஆகியவை வைத்திருக்கும் கணக்குகள்தான் இப்படிப்பட்ட பதில்களுக்கு மூலம். எல்லா நாடுகளும் எல்லாக் கேள்விகளுக்கும் பதில் அனுப்புவதில்லை. அதனால் உலக எண்களில் பல மதிப்பீடுகள்தாம்.

ஏ.ஏ.டி.கே. வெளியிடும் "கண்டறியப்பட்டவர்கள்" என்ற எண்ணைக் கவனமாகக் கையாளுங்கள். சிறுநீர்ப் பரிசோதனையில் சிக்கியவர், கைதானவர், தானே வந்தவர் என்று அதிகாரிகளின் கண்ணில் பட்டவர்கள்தான் அதில் வருவார்கள். ஓப்ஸ் தாப்பிஸ் போன்ற போலீஸ் சோதனைகள் அதிகம் நடந்த ஆண்டில் அந்த எண் ஏறும். யாருக்கும் தெரியாமல் வீட்டு அறைக்குள் இருப்பவர் அதில் வரவே மாட்டார். ஆகவே ஒரு மாநிலத்தின் எண் இன்னொன்றைவிடக் கூடுதலாக இருந்தால், அங்கே பழக்கம் அதிகம் என்று உடனே முடிவு கட்டாதீர்கள். அப்புறம், எண்ணிக்கையையும் ஒரு லட்சம் பேருக்கு எத்தனை என்ற விகிதத்தையும் கலக்காதீர்கள். சிலாங்கூரில் ஆட்கள் அதிகம், பெர்லிஸில் குறைவு. விகிதத்தைப் பார்க்காமல் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பேசுவதில் அர்த்தமே இல்லை.

படி 4: உலக அறிக்கையைத் திறங்கள்

யு.என்.ஓ.டி.சி.யின் உலகப் போதைப்பொருள் அறிக்கை ஒவ்வோர் ஆண்டும் ஜூன் 26-ஐ ஒட்டி வருகிறது. 1987-இல் ஐ.நா. பொதுச்சபை போதைப்பொருள் எதிர்ப்பு நாளாக அறிவித்த தேதி அது. இணையத்தில் இலவசம். முழுவதையும் படிக்க முயலாதீர்கள், சோர்ந்துவிடுவீர்கள். முக்கியக் கண்டறிதல்கள் உள்ள சிறு பகுதியை மட்டும் எடுங்கள்.

முதலில் ஆண்டைப் பாருங்கள். 2025 அறிக்கையில் உள்ள உலக மதிப்பீடு 2023-க்கு உரியது. அந்த ஆண்டு மது, புகையிலை நீங்கலாக ஏதாவது ஒரு போதைப்பொருளைப் பயன்படுத்தியவர்கள் 316 மில்லியன் பேர். 15 முதல் 64 வயது வரை உள்ளவர்களில் நூற்றுக்கு 6 பேர். "பயன்படுத்தியவர்" என்றால் அந்த ஆண்டில் ஒரு தடவையாவது என்று அர்த்தம். அத்தனை பேரும் அடிமைகள் என்று மேடையில் சொன்னால் அது தவறு.

என்னைக் கேட்டால், எந்தக் கூட்டத்திலும் விடாமல் சொல்ல வேண்டிய எண் 2024 அறிக்கையில் இருக்கிறது. போதைப்பொருளால் நோயாளியாகிவிட்டவர்களில் 11 பேரில் ஒருவருக்குத்தான் 2022-இல் சிகிச்சை கிடைத்தது. பெண்களில் 18 பேரில் ஒருவருக்கு, ஆண்களில் 7 பேரில் ஒருவருக்கு. ஒரு பெண் இந்த நோயோடு சிகிச்சைக்கு வர எவ்வளவு தடை இருக்கிறது என்று இந்த எண்ணே சொல்கிறது. நம் சமுதாயத்திலும் மகன் குடித்தால் ஊருக்குத் தெரியும். மகள் மாத்திரை போட்டால் வீட்டுச் சுவருக்குக்கூடத் தெரியவிடமாட்டோம்.

படி 5: கெத்தும் வைத்துப் பயிற்சி

இப்போது நீங்களே ஒரு சோதனை செய்து பாருங்கள். கெடாவிலோ பெர்லிஸிலோ கெத்தும் (வெளிநாடுகளில் கிராதோம்) என்ற மரத்தின் இலை மூட்டைகள் பிடிபட்டதாக ஒரு செய்தி வருகிறது; அந்த இலையைக் காய்ச்சிக் குடிப்பார்கள். அந்த எடையை உலக அறிக்கையின் ஹெராயின், கஞ்சா அட்டவணையில் தேடினால் கிடைக்காது. ஏன்?

கெத்தும் எந்த ஐ.நா. உடன்படிக்கைப் பட்டியலிலும் இல்லை. மலேசியாவில் அதன் முக்கிய வேதிப்பொருளான மித்ராகைனின் 1952-ஆம் ஆண்டு நச்சுப் பொருள் சட்டத்தின்கீழ் கட்டுப்படுத்தப்பட்டிருக்கிறது. தாய்லாந்தோ 2021 ஆகஸ்டில் கெத்துமைப் போதைப்பொருள் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டது. அதே ஆண்டு அக்டோபரில் உலகச் சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு அதை முன்ஆய்வுக்கு எடுத்தது. முழு ஆய்வுக்குப் பரிந்துரைக்கப் போதிய ஆதாரம் இல்லை, தொடர்ந்து கண்காணிப்போம் என்று முடிவு செய்தது. யு.என்.ஓ.டி.சி. அதைப் புதிய வகைப் பொருள்களில் தாவர வகை என்று தனியே வைத்துக் கவனிக்கிறது.

வட மாநிலங்களில் கெத்தும் குடிப்பவர்களைப் பற்றி நீண்ட காலமாக ஆய்வு செய்துவருவது நம் பினாங்கில்தான், மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் போதைப்பொருள் ஆய்வு மையத்தில். உலகில் எங்கே கெத்தும் பற்றிப் பேச்சு வந்தாலும் அந்த ஆய்வுகளைத் தேடிப் படிக்கிறார்கள். சர்வதேச ஒத்துழைப்பு என்றால் மாநாட்டுப் புகைப்படம் மட்டும்தான் என்று நினைப்பவர்களுக்கு இதைச் சொல்லுங்கள். ஒரு கம்போங்கில் உட்கார்ந்து, குடிப்பவரிடம் பொறுமையாகக் கேள்வி கேட்டு எழுதிய குறிப்புகூட ஒரு சர்வதேச முடிவுக்கு ஆதாரமாகப் போய்ச் சேரலாம்.

கஞ்சாவிலும் இதே மாதிரி ஒரு கேள்வி கட்டாயம் வரும்: "அண்ணே, ஹாட்யாயில் கடையில விக்கிறாங்க, இங்க மட்டும் ஏன் தப்பு?" தாய்லாந்து 2022 ஜூனில் கஞ்சாவைத் தளர்த்தியது, 2025 ஜூனில் மருத்துவர் சீட்டு வேண்டும் என்று மறுபடி இறுக்கியது. இங்கே 200 கிராம் கஞ்சா வைத்திருந்தாலே கடத்தல்காரர் என்று சட்டம் அனுமானித்துக்கொள்ளும். 2023 ஜூலையிலிருந்து மரண தண்டனை கட்டாயம் இல்லை, நீதிபதி முடிவு செய்யலாம். ஆனால் அதற்கு மாற்று ஆயுள் சிறை. விடுமுறைக்கு எல்லை தாண்டும் பிள்ளைகளுக்கு இதை நேரடியாகச் சொல்லிவிடுங்கள்.

படி 6: கண்ணுக்குத் தெரியாத ஒத்துழைப்பையும் சொல்லுங்கள்

சியாபு காய்ச்ச ரசாயனம் வேண்டும். எபெட்ரின் போன்றவை மருந்துத் தொழிலுக்கும் வேண்டியவை, தடை செய்துவிட முடியாது. அதனால் ஏற்றுமதி செய்யும் நாடு, சரக்கு கிளம்புவதற்கு முன்பே இறக்குமதி செய்யும் நாட்டுக்கு இணையவழி தகவல் அனுப்பும் ஏற்பாடு ஒன்றைக் கட்டுப்பாட்டு வாரியம் 2006-இல் தொடங்கியது. "இந்தக் கம்பெனி இவ்வளவு கேட்டிருக்கிறது, உண்மையா?" என்று கேட்டு, சந்தேகம் வந்தால் சரக்கை நிறுத்தலாம். இதில் வெற்றி கிடைத்தால் நாளிதழில் படம் வராது, மேசைமேல் பொட்டலங்களும் இருக்காது.

வழக்கு நடத்தவும் ஒத்துழைப்பு வேண்டும். சாட்சி ஒரு நாட்டில், வங்கிக் கணக்கு இன்னொரு நாட்டில் இருக்கும். ஆசியான் நாடுகள் குற்ற வழக்குகளில் ஒன்றுக்கொன்று சட்ட உதவி செய்ய 2004-இல் கோலாலம்பூரில் ஓர் ஒப்பந்தம் கையெழுத்திட்டன.

படி 7: ஒரே தாளில் எழுதுங்கள்

மூன்று எண்களுக்கு மேல் வேண்டாம். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஆண்டு, வெளியிட்டவர், எதை எண்ணியது என்று மூன்றையும் குறியுங்கள். மூன்றில் ஒன்றையாவது நிரப்ப முடியவில்லை என்றால் அந்த எண்ணை விட்டுவிடுங்கள்.

தாளின் கீழ்ப்பாதியை உதவிக்கு ஒதுக்குங்கள். 1983-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பழக்கத்தில் இருப்பவர் தானாகவே சிகிச்சைக்கு விண்ணப்பிக்க முடியும். ஹெராயின் போன்றவற்றுக்கு மெத்தடோன் என்ற திரவ மருந்துச் சிகிச்சை 2005 முதல் நாட்டில் இருக்கிறது, அரசாங்க மருத்துவமனைகளிலும் சில சுகாதார கிளினிக்குகளிலும் கொடுக்கிறார்கள். சியாபுவுக்கு மெத்தடோன் உதவாது, அதற்கு ஆலோசனை, மனநல சிகிச்சை என்று வேறு வழி. இந்த வித்தியாசத்தையும் எழுதுங்கள், ஏனென்றால் பெற்றோர் பலர் "அந்தத் தண்ணி மருந்து" எல்லாவற்றுக்கும் சரிப்படும் என்று நம்பி அலைகிறார்கள்.

உங்கள் மாவட்ட ஏ.ஏ.டி.கே. அலுவலகத்தின் முகவரியையும் பக்கத்துக் கிளினிக்கின் நேரத்தையும் கூட்டத்துக்கு முந்தின வாரம் போன் போட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். பிறகு தாளைப் பிரதி எடுத்து, ஆட்கள் வருவதற்கு முன்பே எல்லா நாற்காலிகள் மேலும் வைத்துவிடுங்கள். மேசையில் குவித்து வைத்தால், மிகவும் தேவைப்படுகிறவர்தான் எல்லார் முன்னாலும் எழுந்து வந்து எடுக்கத் தயங்குவார்.