‘ஆட்’ என்றாலே ‘விசித்திரம்’ இல்லை: பொருளைப் பிரித்தறியும் வழி

தமிழில் எழுதினால் கூட்டலைக் குறிக்கும் ஆங்கில ‘ஆட்’டும் (add) தலைப்பில் உள்ள ‘ஆட்’டும் (odd) ஒன்றுபோலத் தெரியும். இங்கே பார்ப்பது ஓ, டி, டி என்று எழுதும் ஆங்கிலச் சொல்.

முதலில் வேரைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஸ்காண்டிநேவியாவில் முன்பு வழங்கிய பழைய நார்ஸ் மொழியில் இதன் மூலச்சொல்லுக்கு முனை, முக்கோணம் என்று பொருள். முக்கோணத்தில் இரண்டு முனைகளை ஜோடி சேர்த்தால் மூன்றாவது தனியே நிற்கும். இரு தரப்பும் சமமாகப் பிரிந்தால் முடிவு சொல்லும் மூன்றாவது ஆளுக்கும் அங்கே இதே வேரிலிருந்துதான் பெயர். ஆங்கிலத்துக்கு வந்தபோது முதலில் ஒற்றைப்படை எண்ணைக் குறித்தது. ‘விசித்திரம்’ என்ற பொருள் 16ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான் ஏறியது. ஆகவே ‘ஜோடி சேராமல் மிஞ்சியது’ என்பதே அடிப்படை. பள்ளித் தேர்வின் ‘பொருந்தாததை வட்டமிடுக’ ஆங்கிலத்தில் ‘ஆட் ஒன் அவுட்’ ஆவதும் இதனால்தான்.

படி 1: முன்னால் ‘வெரி’ போட்டுப் பாருங்கள். பொருள் மாறாவிட்டால் அது விசித்திரம். ‘ஆன் ஆட் சாக்’ என்பது பெரும்பாலும் ஜோடி தொலைந்த ஒற்றைச் சாக்ஸ். ‘வெரி’ சேர்த்தால் விநோதமான சாக்ஸ் ஆகிவிடும்.

படி 2: ‘தி’யா, ‘ஆன்’ஆ? அதிகம் பேர் தடுக்குவது இங்கேதான். ‘ஹி மேக்ஸ் தி ஆட் மிஸ்டேக்’ என்றால் எப்போதாவது ஒரு தவறு செய்வான். ‘ஹி மேட் ஆன் ஆட் மிஸ்டேக்’ என்றால் செய்த தவறே விநோதமானது. முதல் வாக்கியத்தை ‘விசித்திரமான தவறு’ என்று மொழிபெயர்த்தால் சொன்னவர் கருத்தே கெட்டுவிடும்.

படி 3: எண்ணுக்குப் பின்னால் வந்தால் இணைப்புக்கோடு இருக்கிறதா என்று பாருங்கள். ‘ட்வென்டி-ஆட் பீப்பிள்’ என்பது நம் ‘இருபத்துச் சொச்சம் பேர்’. கோட்டை விட்டுவிட்டால் ‘விசித்திரமான இருபது பேர்’ என்றும் படிக்கலாம். சொச்சம் என்பதால் 19 பேருக்கு இது பொருந்தாது.

படி 4: கடைசியில் ‘எஸ்’ இருந்தால் வேறு கணக்கு. ‘தி ஆட்ஸ் ஆர்’ என்றால் வாய்ப்பு. வினை பன்மையில் வரும். ‘அட் ஆட்ஸ்’ முரண்பாடு. ‘ஆட்ஸ் அண்ட் எண்ட்ஸ்’ தட்டுமுட்டுச் சாமான்.

‘ஆட் ஜாப்ஸ்’ சில்லறை வேலைகள், ‘ஆட் அவர்ஸ்’ நேரங்கெட்ட நேரம். இவற்றை அப்படியே மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள்.

ஆளைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் கவனம். ‘ஹி இஸ் ஆட்’ என்பது ‘அவன் ஒரு மாதிரி’ என்பதற்குச் சமம். பாராட்டாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். தனித்துவத்தைப் புகழ வேண்டுமானால் ‘யுனீக்’ என்று எழுதுங்கள்.