மரப்பல்லியைத் தேடுகிறவர்கள் செய்யும் தவறுகள்

வேலூரை அடுத்த அமிர்திப் பக்கமும் ஜவ்வாது மலை அடிவாரத்திலும் பழைய புளியமரத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, ஒன்றுமே இல்லை என்று திரும்புகிறவர்கள் நிறைய. மரப்பல்லி பெரும்பாலும் அங்கேயேதான் இருக்கும். சாம்பல் முதுகில் நெளிநெளியான கருங்கோடுகள், மரப்பட்டையின் வெடிப்புகளோடு கலந்துவிடுகின்றன. மரத்துக்கு நேரெதிரே நின்று பல்லி உருவத்தைத் தேடுவதுதான் முதல் தவறு. தண்டை ஒட்டிப் பக்கவாட்டில் நின்று அதன் ஓரத்தைப் பாருங்கள், சின்னப் புடைப்பாகத் தெரியும்.

பகலில் அது பொந்திலோ பட்டைக்கு அடியிலோ பதுங்கிக் கிடக்கும், வேட்டையெல்லாம் இரவில்தான். பகலில் நிறம் அடர்ந்தும் இரவில் வெளுத்தும் இருப்பதால், வேறு ஏதோ இனம் என்று நினைத்துவிட வேண்டாம்.

ஆர்வத்தில் பட்டையை உரித்துப் பார்க்கிறார்கள். இதை மட்டும் செய்யவே கூடாது. அசையாமல் இருப்பதுதான் அதன் பாதுகாப்பு. ஓட வைத்தால் காக்கைக்கும் பூனைக்கும் காட்டிக் கொடுத்த மாதிரி. வாலைப் பிடித்தால் கழற்றிவிட்டுத் தப்பிக்கும். "அதான் திரும்ப முளைக்குமே" என்பார்கள். முளைக்கும், ஆனால் உள்ளே எலும்புக்குப் பதில் குருத்தெலும்புதான். வாலில் சேர்த்து வைத்திருந்த கொழுப்பும் போய்விடும். வேலூர் அக்னி நட்சத்திர வெயிலில் இரை குறைந்தால் கைகொடுக்க வேண்டிய சேமிப்பு அது. பட்டைக்குள் இரண்டு வெள்ளை முட்டைகள் தெரிந்தால் அப்படியே விட்டுவிடுங்கள். புரட்டினால் உள்ளே ஒட்டி வளரும் கரு செத்துப்போகலாம்.

இரவில் முகத்துக்கு நேரே ஃபிளாஷ் அடிக்காதீர்கள். மூடிக்கொள்ள அதற்கு இமை கிடையாது, கண்ணை நாக்கால்தான் துடைத்துக்கொள்ளும். இருட்டில் விரிந்திருக்கும் கண்பாவைக்கு அந்த வெளிச்சம் ரொம்ப அதிகம்.

அப்புறம் விஷம். காஞ்சி வரதராஜர் கோவிலில் வரிசையில் நின்று தங்கப் பல்லியைத் தொட்டுக் கும்பிட்டு வருகிறவர்கள்கூட, மரத்தில் நிஜப் பல்லியைக் கண்டால் குச்சியைத் தேடுகிறார்கள். நம் ஊர்ப் பல்லி எதற்கும் விஷம் இல்லை. பல்லி விழுந்த சோற்றைக் கொட்டுவது சரிதான், காரணம்தான் வேறு: பல்லியின் எச்சத்தில் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம். அதனால் பல்லி இருந்த பொந்தில் கை வைத்தால், சாப்பிட உட்காரும் முன் சோப்புப் போட்டுக் கழுவிக்கொள்ளுங்கள்.