நகமடிப்பில் தந்துகிகளைப் பார்ப்பது எப்படி?

குளிரில் விரல் வெளுத்து, நீலமாகி, பிறகு சிவப்பது ரேனாட் நிகழ்வு. அது தனியாக வந்ததா, பின்னால் ஸ்க்ளீரோடெர்மா (தோல் இறுகும் நோய்) போன்ற இணைப்புத் திசு நோய் ஒளிந்திருக்கிறதா என்று பார்க்க எளிய வழி நகமடிப்பை, அதாவது நகத்தின் அடியோரத்தில் இருக்கும் தோல் மடிப்பை, பார்ப்பதுதான். தோலின் பிற இடங்களில் தந்துகிகள் (மிக மெல்லிய ரத்தக்குழாய்கள்) செங்குத்தாக நிற்பதால் புள்ளியாகவே தெரியும். இங்கே கடைசி வரிசை படுத்திருக்கிறது. முழு வளைவையும் காணலாம்.

10 மடங்கு பெருக்கும் டெர்மட்டோஸ்கோப் தொடங்கப் போதும். அளந்து சொல்ல 200 மடங்கு வீடியோ கேப்பிலரோஸ்கோப் வேண்டும்.

1. நகப்பூச்சு இருக்கக்கூடாது. நோயாளி சாதாரண அறை வெப்பத்தில் 15–20 நிமிடம் உட்காரட்டும். குளிர்ந்த விரலில் குழாய்கள் சுருங்கிவிடும்.

2. கையை இதய உயரத்தில் மேசைமேல் வைத்து, நகமடிப்பில் ஒரு சொட்டு இம்மெர்ஷன் எண்ணெய் (நுண்ணோக்கியில் பயன்படும் தெளிவான எண்ணெய்) விடுங்கள். குமிழி இருந்தால் துடைத்துவிட்டு மறுபடி விடுங்கள்.

3. கருவி எண்ணெயைத் தொட்டால் போதும். புதியவர்கள் அதிகம் தவறுவது இங்கேதான்: அழுத்தினால் ரத்தம் வெளியேறி, இருக்கும் தந்துகியும் மறையும், 'குழாய்கள் குறைவு' என்று தப்பாக எழுதிவிடுவோம்.

4. மோதிர விரல், சுண்டு விரலில் தொடங்குங்கள். அங்கே தோல் தெளிவு. பிறகு மற்ற விரல்கள். கட்டைவிரல் வேண்டாம்.

5. நகத்தை ஒட்டிய கடைசி வரிசையை மட்டும் எண்ணுங்கள். மில்லிமீட்டருக்கு 7 அல்லது அதற்கு மேல், கொண்டையூசி வடிவம் என்றால் இயல்பு. ஓரிரு முறை குறுக்கே பின்னியதும் நெளிந்ததும்கூட இயல்புதான். இதைப் பார்த்துப் பயமுறுத்தாதீர்கள்.

தேட வேண்டியது ராட்சதத் தந்துகி. நுனியில் 50 மைக்ரானுக்கு மேல், ஒரே சீராகப் பருத்திருக்கும். ஐயத்துக்கிடமில்லாத ஒன்று கிடைத்தாலே ஸ்க்ளீரோடெர்மா வகை என்று எடுத்துக்கொள்ளலாம். எண்ணிக்கை 3 அல்லது அதற்குக் கீழே இறங்கி, எஞ்சியவை கிளைவிட்டிருந்தாலும் அதே வகைதான். நோய் முற்றிய நிலை. தோலையும் தசையையும் தாக்கும் டெர்மட்டோமயோசைட்டிஸிலும் இதே காட்சி வரலாம். நகம் கடிப்பவருக்கும் அடிபட்ட விரலுக்கும் நகமடிப்பில் ரத்தக்கசிவு இருக்கலாம், ஆகவே ஒரே விரலில் கண்டால் காரணம் கேளுங்கள்.

இது மட்டும் நோயை உறுதி செய்யாது. அமெரிக்க, ஐரோப்பிய வாதநோய் அமைப்புகளின் 2013 ஏசிஆர்–யூலார் வகைப்பாட்டில் ஸ்க்ளீரோடெர்மாவுக்கு 9 புள்ளி தேவை. அசாதாரண நகமடிப்புக்குக் கிடைப்பது 2. ஏஎன்ஏ (உடலின் சொந்த செல்கருவுக்கு எதிரான ஆன்டிபாடி) ரத்தப் பரிசோதனையும் சேர்த்தே முடிவெடுக்க வேண்டும். இன்னொரு இணைப்புத் திசு நோயான லூபஸில் படம் இயல்பாகவே இருக்கக்கூடும்.

ஒவ்வொரு படத்திலும் கை, விரல், தேதி குறியுங்கள். குறிக்காத படத்தை அடுத்த முறை ஒப்பிட முடியாது.