நம்பர் பிளேட் எங்கே, எப்படி: கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டுகிறவர்களுக்கு

கேரளப் பக்கம், கொழிஞ்சாம்பாறையில் ரேடியம் ஸ்டிக்கர் கடை வைத்திருக்கிறேன். இரு மாநில எல்லையில் கோபாலபுரம் செக்போஸ்ட் இருக்கிற பாலக்காடு – பொள்ளாச்சி ரோடு என்பதால் கே.எல். 70 (பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர்), டி.என். 41 (பொள்ளாச்சி) வண்டிகள் இரண்டும் வாசலில் வந்து நிற்கும். "ஏனுங்ணா, பொள்ளாச்சியில இதை யாரும் கேக்கறதில்ல, இங்க மட்டும் ஏன்?" என்பதுதான் வழக்கமான கேள்வி.

விதி இரண்டு பக்கமும் ஒன்றுதான். 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 50-ஆவது விதி பிளேட் எங்கே இருக்க வேண்டும் என்றும், 51-ஆவது எழுத்து என்ன அளவு என்றும் சொல்கிறது. மாறுவது பிடிக்கிற விதம். கேரளத்தில் 2023 ஜூன் 5 முதல் கேமரா பார்த்தே அபராதம் போடுகிறார்கள். திட்டத்தில் மொத்தம் 726 கேமரா. கேமராவிடம் "சார், அவசரமாக் கல்யாணத்துக்குப் போறோம்" என்று சொல்லிப் பார்க்க முடியாது.

டூ வீலரில்தான் வில்லங்கம் அதிகம். முன்பக்கம் ஹேண்டில்பாருக்கு இணையாக, எதிரே வருகிறவர் படிக்கிற மாதிரி இருக்க வேண்டும். மட்கார்டில் எழுதினாலும் சரி. பழைய புல்லட்டில் முன் மட்கார்டு மேல் மீன் துடுப்பு மாதிரி நீளவாக்கில் ஒரு பிளேட் நிற்குமே, அது கூடாது. அழகாகத்தான் இருக்கும், எனக்கும் பிடிக்கும். ஆனால் அதை வைத்துக்கொண்டு சித்தூர் பக்கம் போகாதீர்கள்.

முன் பிளேட் 285-க்கு 45 மில்லிமீட்டர், பின் பிளேட் 200-க்கு 100. முன்னால் எழுத்தும் எண்ணும் 30 மி.மீ. உயரம், 5 மி.மீ. தடிமன், நடுவில் 5 மி.மீ. இடைவெளி. பின்னால் எழுத்து 35, எண் 40, தடிமன் 7, இடைவெளி 5. எழுபது சிசிக்குக் குறைந்த மொபெட்டுக்கு மட்டும் முன் எழுத்து 15 மி.மீ. போதும். பள்ளிக்கூட ஸ்கேலை வைத்து நீங்களே அளந்து பாருங்கள். பெரும்பாலும் உயரம் சரியாக இருக்கும், இடைவெளிதான் அடிவாங்கியிருக்கும். இடம் பற்றாமல் எண்களை நெருக்கி ஒட்டிவிடுவார்கள். பத்தடி தள்ளிப் பார்த்தால் 3-ம் 8-ம் ஒன்றாகத் தெரியும்.

பின்னால் மாநில, அலுவலக எழுத்துகள் மேல் வரியில், மிச்சம் கீழ் வரியில். இரண்டு வரிக்கு இடமே இல்லாத மாடலுக்கு ஒரு வரி போதும். எழுத்து ஆங்கிலம், எண் நாம் அன்றாடம் எழுதுகிற 1, 2, 3. அதில் சாமி படம், கட்சிக் கொடி, பிள்ளைகள் பெயர் எதுவும் வரக் கூடாது. 8055-ஐ வளைத்து 'பாஸ்' என்று படிக்கிற மாதிரி எழுதச் சொல்லி இன்னமும் பையன்கள் வருகிறார்கள். தம்பி, அந்த ஸ்டிக்கரை டேங்கில் ஒட்டித் தருகிறேன், பிளேட்டில் வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிடுவேன்.

அப்புறம் ராத்திரி சோதனை. பின் பிளேட்டு மேல் வெள்ளை வெளிச்சம் விழ வேண்டும், 15 மீட்டர் தள்ளி நின்றால் படிக்க முடிய வேண்டும். வீட்டு முன்னால் வண்டியை ஸ்டார்ட் செய்து லைட்டைப் போட்டுவிட்டு, நல்ல எட்டாக இருபது எட்டு நடந்து திரும்பிப் பாருங்கள். பின் மட்கார்டைக் கழற்றிவிட்டு பிளேட்டை சீட்டுக்கு அடியில் மடக்கி வைத்த வண்டிகள் இங்கேதான் மாட்டும்.

கார் என்றால் எழுத்து 65 மி.மீ., தடிமனும் இடைவெளியும் பத்துப் பத்து. பிளேட் 500-க்கு 120 அல்லது 340-க்கு 200. டெம்போ, லாரி மாதிரி டிரான்ஸ்போர்ட் வண்டிக்கு முன்பின் மட்டும் போதாது. பாடியின் இரண்டு பக்கமும் நம்பர் எழுத வேண்டும். தேங்காய் லோடு ஏற்றுகிறவர்களுக்குத் தனியாகச் சொல்கிறேன்: தார்ப்பாயின் வால் பின் பிளேட் மேல் தொங்கினால், பிளேட் எவ்வளவு ஒழுங்காக இருந்தும் பிரயோஜனம் இல்லை. கயிறு கட்டி முடித்ததும் ஒரு தரம் பின்னால் போய்ப் பாருங்கள்.

2019 ஏப்ரல் 1-க்குப் பிறகு வந்த வண்டிக்கு உயர் பாதுகாப்பு பிளேட் கம்பெனியிலிருந்தே வருகிறது. என் தொழிலில் பாதி அன்றைக்குப் போனது, அது வேறு கதை. அதில் இடது மேல் மூலையில் நீல நிற அசோகச் சக்கர ஹாலோகிராமும், கீழே லேசரில் பொறித்த எண்ணும் இருக்கும். கழற்ற முடியாத ஸ்நாப் லாக்கில் மாட்டியிருப்பார்கள். அதைக் குடைந்து எடுத்துவிட்டு ஃபேன்ஸி பிளேட் மாட்டச் சொல்லாதீர்கள், நான் செய்ய மாட்டேன். காருக்கு மூன்றாவதாக ஒரு ஸ்டிக்கரும் உண்டு. முன் கண்ணாடியின் இடது மேல் மூலையில், 100-க்கு 60 மி.மீ. பெட்ரோல், சிஎன்ஜிக்கு வெளிர் நீலம், டீசலுக்கு ஆரஞ்சு. உரித்தால் கிழிந்துபோகிற மாதிரிதான் அதைச் செய்திருக்கிறார்கள். கண்ணாடி மாற்றினால் அதுவும் போய்விடும், புதிதாக வாங்கி ஒட்ட வேண்டும். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

பழைய வண்டிக்கு இந்த பிளேட் எப்போது கட்டாயம் என்பதில்தான் மாநிலத்துக்கு மாநிலம் வித்தியாசம். கர்நாடகம் 2023-இல் அறிவித்துவிட்டுக் கெடுவைத் தள்ளிக்கொண்டே போனது. வண்டி பதிவான மாநிலம் என்ன சொல்கிறது என்று பாருங்கள்.

இடமே மாறுகிற கதை வேண்டுமென்றால் கடல் தாண்ட வேண்டும். அமெரிக்காவில் பென்சில்வேனியா, புளோரிடாவில் காருக்குப் பின்னால் மட்டும் பிளேட் போதும். கலிஃபோர்னியா, நியூயார்க்கில் இரண்டு பக்கமும் வேண்டும். இங்கிலாந்தில் 2001 செப்டம்பர் 1 முதல் பதிவான பைக்கில் முன் பிளேட்டே கூடாது. அந்த போட்டோக்களைக் காட்டி இங்கே வாதாடிப் பயனில்லை.

பொள்ளாச்சியில் வாங்கிய வண்டியைக் கொழிஞ்சாம்பாறையில் வைத்து ஓட்டுகிறவர்கள் கவனிக்க வேண்டியது: வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் நம்பரையே மாற்ற வேண்டும். பதிவான ஆர்டிஓவில் படிவம் 28 கொடுத்து தடையில்லாச் சான்று வாங்கி, இங்கே படிவம் 27 போட வேண்டும். பி.ஹெச். (பாரத்) வரிசை வண்டிக்கு இந்த அலைச்சல் இல்லை.

பிளேட் தப்பாக இருந்தால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 177-ஆவது பிரிவில் முதல் தடவை 500 ரூபாய் வரை, அடுத்த தடவை 1500 வரை அபராதம். ஆர்.சி.யில் இருக்கிற போன் நம்பர் பழசாக இருந்தால் சலான் வந்த விவரமே தெரியாமல் போகும். முதலில் அதை மாற்றுங்கள். டி.என். வண்டிக்குக் கேரளத்தில் விழுந்த சலானையும் மத்திய அரசின் பரிவாஹன் இ-சலான் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டே பார்த்துக்கொள்ளலாம்.