சிறிய சொத்தை நிர்வகிப்பவர் நீதிமன்றக் கணக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இறந்தவரின் சொத்தை நிர்வகிக்க நீதிமன்றத்திடம் புரொபேட்டோ (உயில் செல்லும் என்று நீதிமன்றம் தரும் சான்று) நிர்வாக அதிகாரக் கடிதமோ (உயில் இல்லாதபோதும், உயிலை நிறைவேற்ற ஆள் இல்லாதபோதும் நீதிமன்றம் தரும் அதிகாரம்) பெற்றவர், அது வழங்கப்பட்டதிலிருந்து ஆறு மாதத்துக்குள் சொத்துப் பட்டியலையும் ஓராண்டுக்குள் வரவு செலவுக் கணக்கையும் அதே நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய வேண்டும் என்று 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம், 317ஆவது பிரிவில் கூறுகிறது. இருப்பது ஒரு வீடும் ஒரு வங்கிக் கணக்கும் மட்டுமே என்பதாலோ, வாரிசுகளுக்குள் வழக்கில்லை என்பதாலோ இந்தக் கடமை நீங்கிவிடுவதில்லை. சிறிய சொத்துதானே என்ற அலட்சியம்தான் பெரும்பாலான சிக்கல்களுக்குத் தொடக்கம்.

முதல் தவறு சொத்துப் பட்டியலிலேயே நேர்கிறது. கையில் உள்ளதை மட்டும் எழுதிவிட்டு, வரவேண்டியதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். இறந்தவர் பிறருக்குக் கொடுத்த கைமாற்று, குடியிருந்த வீட்டுக்குக் கட்டியிருந்த முன்பணம், வசூலாகாத வாடகை ஆகிய அனைத்தும் பட்டியலில் இடம்பெற வேண்டும். புரொபேட்டாகவோ கடிதமாகவோ பெற்ற அந்த அனுமதி இந்தியா முழுவதற்கும் செல்லுபடியாகும்போது, வெளிமாநிலங்களில் உள்ள சொத்தையும் சேர்த்து, ஒவ்வொரு மாநிலத்தில் உள்ளதன் மதிப்பையும் தனித்தனியே காட்ட வேண்டும். தாக்கலுக்குப் பிறகு ஒரு வைப்புத்தொகை ரசீது கண்டெடுக்கப்பட்டால், அதைக் கணக்கில் மட்டும் நுழைக்காமல், துணைப் பட்டியல் ஒன்றைத் தாக்கல் செய்வதே முறை.

பட்டியலும் கணக்கும் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் இருப்பதுதான் என் பார்வையில் எல்லாவற்றிலும் பெரிய குறை. பட்டியலில் உள்ள ஒவ்வொரு சொத்துக்கும் கணக்கில் ஒரு முடிவு தெரிய வேண்டும்: விற்கப்பட்டதா, ஒப்படைக்கப்பட்டதா, இன்னும் இருப்பில் உள்ளதா? 40,000 ரூபாய் என்று மதிப்பிட்ட நகை 46,000 ரூபாய்க்கு விலைபோனால், அந்த 6,000 ரூபாய் மிகுதியைத் தனி வரியில் காட்ட வேண்டும். 35,000 ரூபாய்க்குப் போனால் 5,000 ரூபாய் இழப்பையும் அவ்வாறே காட்ட வேண்டும். இறப்புக்குப் பின் சேர்ந்த வட்டியும் வாடகையும் சொத்தின் வரவுதான். தொடக்க மதிப்புடன் வரவுகளையும் மிகுதியையும் கூட்டினால் வரும் தொகை, செலவு, இழப்பு, பங்கீடு, கையிருப்பு ஆகியவற்றின் கூட்டுத்தொகைக்குச் சமமாக இருக்க வேண்டும்.

சொந்தப் பணத்தோடு சொத்துப் பணத்தைக் கலப்பதை அறவே தவிர்க்க வேண்டும். நிர்வாகத்துக்கென்று தனி வங்கிக் கணக்கு வைத்து, ஒவ்வொரு செலவுக்கும் பற்றுச்சீட்டைத் தேதி வரிசையில் எண்ணிட்டு வைத்தால், ஆண்டு முடிவில் நினைவை நம்பி எழுத வேண்டியிருக்காது. ‘இதர செலவு’ என்று மொத்தமாக எழுதிய தொகைதான் ஆட்சேபணைக்கு முதலில் உள்ளாகும்.

கொடுக்கும் வரிசையும் முக்கியம். ஈமச்சடங்குக்கான நியாயமான செலவும் இறுதிக்கால மருத்துவச் செலவும் முதலில். அனுமதி பெறுவதற்கும் நிர்வாகத்துக்கும் ஆன நீதிமன்றச் செலவு அடுத்து. இறப்புக்கு முந்தைய மூன்று மாதங்களில் வேலை செய்த கூலித் தொழிலாளி, வீட்டுப் பணியாளர் முதலியோரின் கூலி அதற்கடுத்து. பிறகே ஏனைய கடன்கள். வாரிசுகளின் வற்புறுத்தலுக்கு இணங்கி, கடன் தீருமுன் பங்கைப் பிரித்துக் கொடுத்துவிட்டால், அந்தப் பற்றாக்குறையை நிர்வாகியே தம் கைப்பணத்திலிருந்து ஈடுகட்ட வேண்டியிருக்கும்.

இறந்தவர் இந்து, இஸ்லாமியர், பௌத்தர், சீக்கியர் அல்லது சமணராக இருந்தால், நிர்வாக அதிகாரக் கடிதம் பெற்றவர் நீதிமன்றத்தின் முன் அனுமதியின்றி அசையாச் சொத்தை விற்கவோ அடமானம் வைக்கவோ ஐந்தாண்டுக்கு மேல் குத்தகைக்கு விடவோ கூடாது. அவ்வாறு விற்ற தொகையைக் கணக்கில் நேர்மையாகக் காட்டினாலும் அந்தக் குறை சரியாகிவிடாது.

காலக்கெடுவைக் கடக்க நேரும் என்று தெரிந்தால், முன்கூட்டியே காரணம் காட்டி அவகாசம் கோரலாம். நீதிமன்றம் அதை நீட்டிக்கச் சட்டம் இடம் தருகிறது. தக்க காரணமின்றி வேண்டுமென்றே தாக்கல் செய்யாமல் இருந்தால் அனுமதியே ரத்தாகலாம். தெரிந்தே பொய்யான பட்டியலையோ கணக்கையோ தாக்கல் செய்வது, பொய்ச் சாட்சியம் அளித்ததற்கு நிகரான குற்றமாகும்.