பர்மியனா, ரெட்டிக்கா? முதல் பெரிய மலைப்பாம்பைத் தேர்ந்தெடுப்பது எப்படி

இங்கிலாந்தின் லெஸ்டரில் எங்கள் வீட்டுப் பின்னறையில் முத்து இருக்கிறாள். பர்மிய மலைப்பாம்பு, வயது ஒன்பது, நீளம் 13 அடிக்குக் கொஞ்சம் மேல், எடை 34 கிலோ. ஆண் குட்டி என்று சொல்லித்தான் விற்றார்கள். நானும் அப்படியே நம்பினேன். அதனால் பட்ட சிரமம் வேறு யாருக்கும் வரக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன். ராயல் பைத்தான் போன்ற சின்னப் பாம்பு ஒன்றை வளர்த்துப் பழகியவர், உறைந்த எலியை இளக்கிக் கொடுக்கத் தெரிந்தவர் என்று உங்களை வைத்துக்கொள்கிறேன்.

படி 1: சட்டம்

பிரிட்டனில் மலைப்பாம்புக்கு 1976-ஆம் ஆண்டின் ஆபத்தான காட்டுவிலங்குச் சட்டத்தின்கீழ் உரிமம் தேவையில்லை. வாடகை வீடென்றால் வீட்டுக்காரரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். இந்தியாவிலிருந்து படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: நம் ஊர் மலைப்பாம்பு 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணையில் இருக்கிறது. பிடிப்பதும் வளர்ப்பதும் குற்றம். தோட்டத்தில் கண்டால் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

படி 2: இனம்

பர்மியன் பெரும்பாலும் சாதுவானது, மெதுவாக நகரும். ஆனால் பெரும் தீனிக்காரி. கேட்கும்போதெல்லாம் கொடுத்தால் கொழுத்து ஈரல் கெட்டுப்போகும்.

ரெட்டிக் என்று சுருக்கிச் சொல்லும் ரெட்டிக்குலேட்டட் மலைப்பாம்பு உலகிலேயே நீளமான பாம்பு. 20 அடியைத் தொடுவதுண்டு. பர்மியனைவிட ஒல்லி, சுறுசுறுப்பு, கூர்மையான கவனம். நாம் அறைக்குள் நுழைந்ததும் தலையைத் தூக்கிப் பார்க்கும். அனுபவசாலிகள் அதை விரும்புவதற்கும், புதியவர்கள் அதனிடம் திணறுவதற்கும் காரணம் இதுதான். இந்தோனேசியாவின் கலாவோதோவா, ஜம்பேயா தீவுகளிலிருந்து வந்த குள்ள வகைகளும் உண்டு. விற்பனைக்கு வருபவற்றில் பல, பெரிய வகையோடு கலந்தவை. தாய், தகப்பன் இரண்டின் நீளத்தையும் நேரில் பார்க்காமல் "சூப்பர் டுவார்ஃப்" என்ற பெயரை நம்பிப் பணம் கொடுக்காதீர்கள்.

ஆப்பிரிக்கப் பாறை மலைப்பாம்பு முதல் பாம்பாக வேண்டவே வேண்டாம். 2017-இல் ஹாம்ப்ஷயரில் பல ஆண்டு அனுபவமுள்ள ஒருவர் இறந்தது இந்த இனத்தால்தான். அந்தப் பாம்பின் நீளம் 8 அடி.

என்னைக் கேட்டால் முதல் பெரிய பாம்புக்கு ஆண் பர்மியன்தான். அந்த "ஆண்" என்ற சொல்லில்தான் அடுத்த படியே இருக்கிறது.

படி 3: ஆணா பெண்ணா என்று உறுதிசெய்வது

பர்மியனில் ஆண் 9 முதல் 12 அடியில் நின்றுவிடும். பெண் 13, 15 என்று போகும், அதையும் தாண்டலாம். எடையில் வித்தியாசம் இன்னும் அதிகம். ஒரே முட்டைக்குவியலில் பிறந்த இரண்டு குட்டிகளுக்கு இரண்டு வேறு வீடு தேவை என்றே சொல்லலாம்.

எனக்கு விற்றவர் வாலடியில் கழிவுத்துளைக்கு இருபுறமும் உள்ள சிறு முள்ளைக் காட்டி, "இது பெரிசா இருக்கு, ஆண்தான்" என்றார். அந்த முள் பெண்ணுக்கும் உண்டு. ஒரு குட்டியை மட்டும் பார்த்து அளவை வைத்து எதுவும் சொல்ல முடியாது. அதை நான் தெரிந்துகொண்டது இரண்டு வருடம் கழித்து, ஆண் பாம்புக்கென்று செய்த 6 அடிப் பெட்டியில் முத்து உடம்பை மூன்றாக மடித்துப் படுத்திருந்தபோது.

ஊர்வன பார்க்கும் மருத்துவரிடம் கொண்டுபோனேன். நுனி மழுங்கிய மெல்லிய எஃகுக் கம்பியில் வழுவழுப்பான ஜெல் தடவி, கழிவுத்துளையின் ஓரத்தில் வால் நுனியை நோக்கி மெல்ல விட்டார். நான் வாலைப் பிடித்திருந்தேன். கம்பி மூன்றாவது செதிலில் நின்றுவிட்டது. ஆணாக இருந்தால் அதைவிடப் பல செதில்கள் உள்ளே போயிருக்கும். பெண்தான் என்றார். முத்து என்ற பெயர் இரண்டுக்கும் பொருந்தும் என்பதால் மாற்றவில்லை.

ஆகவே பணம் கொடுக்கும் முன், முறை தெரிந்த ஒருவர் கம்பி விட்டுப் பார்ப்பதை உங்கள் கண்ணால் பாருங்கள். நீங்களே முயலாதீர்கள், உள்ளே கிழிந்துவிடும். விற்பவர் மறுத்தால் பெண் என்றே கணக்கிட்டு, அந்த அளவுக்கு இடம் இருந்தால் மட்டும் வாங்குங்கள்.

படி 4: பெட்டி

வளர்ந்த பெண்ணுக்கு 8 அடி நீளம், 4 அடி அகலம் என்பது குறைந்தபட்சம். சூடான பக்கம் 32 டிகிரி, குளிர்ந்த பக்கம் 26. அடியில் விரிக்கும் ஹீட் மேட் (சூட்டு விரிப்பு) வேண்டாம். 30 கிலோ உடம்பு மேலே படுத்தால் வெப்பம் வெளியேற வழியில்லாமல் வயிறு வெந்துபோகும். மேற்கூரையில் பொருத்தும் ரேடியன்ட் பேனல் என்ற வெப்பத் தகடுதான் என் தேர்வு. அதோடு வெப்பத்தைக் கட்டுப்படுத்த ஹாபிஸ்டாட் நிறுவனத்தின் பல்ஸ் தெர்மோஸ்டாட். பூட்டு கட்டாயம், சாவியைப் பூட்டிலேயே விட்டுவிடாதீர்கள்.

படி 5: கையாளுவது

கதவைத் திறந்ததும் கையை நீட்டாதீர்கள். பாம்பைக் கையாளும் நீளக் கொக்கியால் உடம்பை மெல்ல ஒருமுறை தடவுங்கள். இன்றைக்குச் சாப்பாடு இல்லை என்று பாம்பு பழகிக்கொள்ளும். முத்து முதலில் நாக்கை வேகமாக நீட்டுவாள், கொக்கி பட்டதும் கழுத்து தளர்ந்துவிடும். அதைப் பார்த்த பிறகே கை வைப்பேன். தீனியாகக் கொடுக்கும் முயலைத் தொட்ட கையோடு கிட்டப் போகவே மாட்டேன். பாம்பின் நீளம் 8 அடிக்கு மேல் போனால் அறையில் இன்னொரு பெரியவர் இருக்க வேண்டும். என் மனைவி இல்லாத நாளில் பெட்டியைத் திறப்பதே இல்லை.

பின்சேர்க்கை: அமெரிக்காவின் புளோரிடாவிலிருந்து ஒரு தம்பி, அங்கே இவற்றை வாங்கலாமா என்று கேட்டிருந்தார். அங்கே 2021 முதல் பர்மியனும் ரெட்டிக்கும் தடைப்பட்டியலில் உள்ளன, புதிதாக வளர்ப்பதற்கு வாங்க முடியாது. அங்குள்ள எவர்கிளேட்ஸ் சதுப்புநிலத்தில் பர்மியன்கள் பெருகியதுதான் காரணம்.

இன்னொன்று: குட்டிதான் வாங்க வேண்டுமா என்று இரண்டு பேர் கேட்டார்கள். வேண்டாம். சமாளிக்க முடியாமல் கொடுத்துவிடும் பெரிய பாம்புகள் மீட்பு மையங்களுக்கு வந்துகொண்டே இருக்கின்றன. ஐந்து வயதுப் பாம்பென்றால் நீளமும் குணமும் கண்முன்னே இருக்கும். போகும்போது கடைசியாக உரித்த சட்டையைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். கண்ணை மூடியிருக்கும் செதிலும் வால் நுனியும் சேர்ந்து ஒரே துண்டாக வந்திருக்கிறதா, கருப்புப் புள்ளியாக உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். வாய் ஓரத்தில் சளிக்குமிழ் இருந்தால் மருத்துவர் பார்த்து முடிக்கும்வரை காத்திருங்கள்.